லென்ஸைத் திருப்பிப் பொருத்தினால் எறும்பு எவ்வளவு பெரிதாகும்?

வாசகர் கேள்வி, 8 ஜூன் 2024

என்னிடம் கேனான் 700டி இருக்கிறது. கூடவே வந்த 18-55, பிறகு வாங்கிய 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம், இவ்வளவுதான். மேக்ரோ லென்ஸ் வாங்க இப்போது வழியில்லை. லென்ஸைத் திருப்பி மாட்டினால் பூச்சியின் கண் வரை தெரியும் என்கிறார்கள். 50 மி.மீ. தான் இதற்கு ஏற்றது என்று ஒரு நண்பர் சொல்கிறார். வைடு லென்ஸில்தான் இன்னும் பெரிதாக விழும் என்கிறார் இன்னொருவர். வைடு லென்ஸ் எல்லாவற்றையும் சிறிதாக்கித்தானே காட்டும்? பெரிதாக்குவது டெலி லென்ஸ் அல்லவா? எனக்குக் குழப்பமாக இருக்கிறது, அண்ணா.

8 ஜூன், இரவு 9.40

இரண்டாவது நண்பர் சொல்வதுதான் சரி. வீட்டில் புரொஜெக்டர் இருந்தால் சுவரைப் பார்த்து ஓட்டிப் பாருங்கள். சுவர் அதே சுவர், தூரமும் அதே தூரம். குவியத் தூரம், அதாவது லென்ஸில் 50, 28 என்று போட்டிருக்கும் மி.மீ. எண், குறைந்த லென்ஸைப் போட்டால் சுவரில் படம் பெரிதாக விழும். திருப்பி மாட்டிய லென்ஸும் புரொஜெக்டர் வேலையைத்தான் செய்கிறது. எறும்புதான் ஸ்லைடு, கேமராவுக்குள் படம் விழும் சென்சார்தான் சுவர். லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள தூரம் பெரிதாக மாறுவதில்லை. அதனால் 50-ஐவிட 28 பெரிய படம் போடும், 28-ஐவிட 20.

நேராக மாட்டும்போது கதையே வேறு. மலை தொலைவில் இருக்கிறது, படம் லென்ஸுக்குப் பக்கத்தில் விழுகிறது. லென்ஸ் செய்பவர்கள் கண்ணாடிகளை அடுக்குவது இந்தக் கணக்குக்காகத்தான்: முன்பக்கம் தொலைவு, பின்பக்கம் அருகாமை. எறும்பை அதன் உண்மை அளவைவிடப் பெரிதாகச் சென்சாரில் விழவைக்க வேண்டுமென்றால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. பொருள் அருகில், படம் தொலைவில். ஆகவே லென்ஸையும் தலைகீழாக்குகிறோம். அப்போதுதான் அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையைச் செய்கிறது. இதைக் காசில்லாதவன் செய்யும் குறுக்குவழி என்று சிலர் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்றை, அதாவது படம் பொருளின் உண்மை அளவிலேயே விழும் நிலையைத் தாண்டிய பிறகு, நேராக மாட்டி, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே வெற்றுக் குழாய் வைத்து நீட்டியதைவிடத் திருப்பிப் போட்ட சாதாரண லென்ஸ் ஓரங்கள் வரை தெளிவாக வரைவதை நானே அடுத்தடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

தேவையான பொருள் ஒன்றுதான்: ரிவர்ஸ் ரிங். அதன் ஒரு பக்கம் கேமரா உடலில் பூட்டிக்கொள்ளும், மறுபக்கம் லென்ஸின் முன்விளிம்பில் உள்ள ஃபில்டர் மரையில் ஏறும். உங்கள் 18-55-க்கு 58 மி.மீ., 50 எஸ்டிஎம்-க்கு 49 மி.மீ. அளவு பார்த்து வாங்குங்கள். நான் வைத்திருப்பது நிக்கானின் பிஆர்-2ஏ, 52 மி.மீ. மரை.

8 ஜூன், இரவு 10.15

எழுத விட்டுப்போனது. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை, எஃப்/16-இல் வையுங்கள். எண் கூடினால் துளை சிறுக்கும். இவ்வளவு பக்கத்தில் தெளிவாக விழும் தடிமன் மிகக் குறைவு.

இன்னொன்று. வைடு லென்ஸ் போட்டால் பூச்சியின் மேல் இடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருக்கும். அதனால் முதலில் 50-இல் பழகுங்கள்.

9 ஜூன், காலை 6.20

நேற்றிரவு எழுதிய கடைசி இரண்டு பத்திகளுமே தவறு. எஃப்/16 பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் தூரம்.

தூக்கம் வராமல் ஸ்கேலை எடுத்து உட்கார்ந்து அளந்தேன். கேமரா நிக்கான் டி7200, சென்சார் அகலம் 23.5 மி.மீ. நிக்கான் 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸைத் திருப்பி மாட்டி ஸ்கேலைப் படமெடுத்தால் படத்தின் அகலத்தில் ஏறத்தாழ 21 மி.மீ. தெரிகிறது. அதாவது 1.1 மடங்கு. பழைய நிக்கான் 28 மி.மீ. எஃப்/3.5 லென்ஸில் பதினொன்றரை மி.மீ.தான் தெரிகிறது. இரண்டு மடங்குக்குச் சற்று மேல். உங்கள் லென்ஸ் எத்தனை மடங்கு என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஸ்கேலைப் படமெடுங்கள், சென்சார் அகலத்தைத் தெரியும் மி.மீ.-ஆல் வகுத்துவிடுங்கள். 700டி-க்கு 22.3.

அடுத்து, லென்ஸின் விளிம்பிலிருந்து ஸ்கேல் வரை உள்ள இடைவெளி. 50-க்கு ஒன்பது செ.மீ. சொச்சம். 28-க்கு ஆறு செ.மீ. உருப்பெருக்கம் இரண்டு மடங்காகிறது, தூரம் குறைவதோ மூன்று செ.மீ. இடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று நான் எழுதியது நேராக மாட்டிய வைடு லென்ஸில் குழாய் வைத்துப் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு எழுதியது. அங்கே எறும்பு கண்ணாடியையே தொட்டுவிடும்.

ஏன் இப்படி என்று யோசித்தபோது காரணம் அழகாக இருந்தது. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒன்று மேலும் கீழும் ஆட வேண்டும். அதற்காக நிக்கானில் லென்ஸ் வாய்க்கும் சென்சாருக்கும் 46.5 மி.மீ. இடம் விட்டிருக்கிறார்கள், கேனானில் 44 மி.மீ. எவ்வளவு வைடு லென்ஸாக இருந்தாலும் அவ்வளவு தூரத்துக்கு அப்பால் படத்தைக் கொண்டுபோய்ப் போட்டாக வேண்டும். திருப்பி மாட்டும்போது அந்த இடம் அப்படியே பூச்சிக்குக் கிடைத்துவிடுகிறது. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் 46.5-க்குக் கீழே போகாது. ஆடும் கண்ணாடிக்காக ஒதுக்கிய இடத்தில் இன்று எறும்பு நிற்கிறது.

9 ஜூன், மாலை

ஆடும் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். மேலே சொன்ன காரணமேதான் அங்கே எதிராக வேலை செய்கிறது. சோனி மிரர்லெஸ் கேமராக்களின் லென்ஸ் வாயான இ பொருத்தியில் அந்த இடம் 18 மி.மீ. மட்டுமே. அதற்கென்று செய்த லென்ஸைத் திருப்பினால் பூச்சிக்கு இடமே இருக்காது. அப்பர்ச்சரும் மின்சாரம் இருந்தால்தான் அசையும்.

பழைய எஸ்எல்ஆர் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சோனிக்கான ரிவர்ஸ் ரிங்கில் நேரே மாட்டினால் ஏமாற்றமாக இருக்கும். சென்சார் 28.5 மி.மீ. நெருங்கிவிட்டதால் சுவரும் நெருங்கிவிட்டது, படம் சிறுத்துவிடும். என் 28 மி.மீ. லென்ஸ் ஒரு மடங்குக்கு இறங்கிவிடும். முதலில் நிக்கான் லென்ஸை சோனியில் மாட்டும் அடாப்டர், அதன் மேல் நிக்கான் ரிவர்ஸ் ரிங், அதன் மேல் லென்ஸ். இந்த வரிசையில் போனால் என் கேமராவில் கிடைக்கும் அதே அளவு உங்களுக்கும் கிடைக்கும். மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பை இயக்கிவிடுங்கள்.

10 ஜூன், இரவு

இப்போது எஃப்/16.

முசுறு எறும்பு ஒன்றை 28 மி.மீ. லென்ஸில் எஃப்/5.6, 8, 11, 16 என்று வரிசையாக எடுத்தேன். எஃப்/16-இல் உடம்பு முழுக்கத் தெரிகிறது. ஆனால் வயிற்றின் மேல் உள்ள மெல்லிய மயிர்கள் ஒன்றும் இல்லை, ஈரத்துணியால் துடைத்தது போல். எஃப்/5.6-இல் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக நிற்கிறது, தெளிந்த இடம் குறுகிய பட்டையாக இருந்தாலும்.

பெரிதாக்கும்போது அப்பர்ச்சர் எண் வளையத்தில் போட்டிருப்பது அல்ல. உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி அதால் பெருக்க வேண்டும். லென்ஸுக்கு லென்ஸ் கொஞ்சம் மாறும், ஆனாலும் கைக்கணக்குக்கு இது போதும். இரண்டு மடங்கில் எஃப்/16 என்பது எஃப்/48 போல நடந்துகொள்கிறது. அவ்வளவு சின்னத் துளையில், ஒளி துளையின் ஓரத்தில் வளைந்து பரவும் விளிம்பு விளைவால் ஒரு புள்ளி 0.06 மி.மீ. அகல வட்டமாக விரிந்துவிடும். என் சென்சாரில் அது பதினாறு பிக்சல் அகலம். மயிர் எப்படித் தெரியும்? எஃப்/5.6-இல் ஆறு பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது.

எனவே இரண்டு மடங்கில் எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை. எஃப்/8-இல் தெளிவாக விழும் தடிமன் கால் மி.மீ. ஒரு மடங்கில் அரை மி.மீ.க்குச் சற்று மேல். அதை எங்கே வைப்பது என்பதில்தான் திறமை முழுவதும் இருக்கிறது. கண்ணில் வையுங்கள்.

10 ஜூன், சற்று நேரம் கழித்து

அதே கணக்கில் வெளிச்சமும் போய்விடுகிறது. இரண்டு மடங்கில் ஒன்பதில் ஒரு பங்குதான் வந்து சேரும். வெயிலில் நின்றாலும் போதாது. ஃபிளாஷ் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

12 ஜூன்

அப்பர்ச்சரை எப்படி மூடுவது என்று கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பாதிப் பேர் கைவிடுவது இங்கேதான்.

பழைய நிக்கான் லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் இருக்கிறது. எஃப்/3.5-இல் திறந்து, ஃபோகஸ் பார்த்து, எஃப்/8-க்குத் திருப்பினால் முடிந்தது. வளையம் இல்லாத ஜி வகை லென்ஸ் கழற்றியவுடன் முழுக்க மூடிக்கொள்ளும். பின்பக்க நெம்பை ஒரு காகித மடிப்பால் தடுத்து நிறுத்த வேண்டும். கேனான் இஎஃப் லென்ஸ் இதற்கு நேர்மாறு. மின்சாரம் இல்லாவிட்டால் முழுக்கத் திறந்தே கிடக்கும்.

உங்களுக்கான வழி இது. லென்ஸை நேராக மாட்டுங்கள். மேனுவல் முறையில் எஃப்/8 வையுங்கள். லென்ஸ் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் ஆழம் பார்க்கும் பொத்தானை அழுத்துங்கள். இதழ்கள் மூடும் சத்தம் கேட்கும். விரலை எடுக்காமல், கேமராவை அணைக்காமல், லென்ஸைக் கழற்றுங்கள். உள்ளே பார்த்தால் இதழ்கள் எஃப்/8-இல் அப்படியே நிற்கும். இப்போது திருப்பி மாட்டுங்கள். வியூஃபைண்டர் இருட்டாக இருக்கும், சின்ன டார்ச் ஒன்றைப் பூச்சியின் பக்கம் காட்டிக்கொள்ளுங்கள். புழுதி பறக்கும் இடத்தில் கழற்றாதீர்கள். இத்தனை சிறிய துளையில் சென்சாரில் உட்கார்ந்த ஒவ்வொரு தூசியும் வானத்தில் கரும்புள்ளியாக வந்து நிற்கும்.

ஜூம் லென்ஸ் பற்றி: 18-55-இன் 18 முனையில் மூன்று மடங்கை ஒட்டி வரும், 55 முனையில் குறைந்துவிடும். முதல் நாளே 18-க்குப் போகாதீர்கள். 35-க்குப் பக்கத்தில் தொடங்குங்கள்.

ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பார்த்து எதுவும் மாறவில்லை என்று பயப்பட வேண்டாம். என் 50-இல் கண்ணாடிகள் ஃபில்டர் மரையோடு சேர்ந்து நிற்கின்றன. வளையத்தைத் திருப்பினால் வெளிக்கூடுதான் முன்னே வருகிறது. படம் மாறாது, ஆனால் பக்க வெளிச்சத்தைத் தடுக்கும் நல்ல மறைப்பு கிடைக்கிறது. இங்கே ஃபோகஸ் என்பது உங்கள் உடம்பு முன்னும் பின்னும் அசைவதுதான்.

12 ஜூன், இரவு

அசைவது பற்றிக் கொஞ்சம் விரிவாக. டிரைபாட் வைத்து நான் எடுத்த பூச்சிப் படம் ஒன்றுகூட உருப்படவில்லை. கால்களை விரித்து நிறுத்துவதற்குள் பூச்சி போய்விடுகிறது. இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இலைக்காம்பைப் பிடித்துக்கொள்கிறேன். அதே கையின் மீதி விரல்கள் மேல் லென்ஸின் விளிம்பைச் சாய்க்கிறேன். இலை ஆடினால் லென்ஸும் சேர்ந்து ஆடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மாறாது. மூச்சை விட்டு முடித்த கணத்தில் விரலை அரை மயிர் மடக்கினால் தெளிந்த பட்டை கண்ணின் மேல் வந்து நிற்கும். அப்போது அழுத்துகிறேன்.

15 ஜூன்

ரிங் மரையில் இறுகிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு. எனக்கும் நடந்தது. இணையத்தில் மலிவாக வாங்கிய ரிங், அலுமினியம், மரை சரியாக வெட்டப்படவில்லை. 50 லென்ஸில் ஏறியது, இறங்கவில்லை. இடுக்கி வைத்தால் ரிங் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். ஹவாய் செருப்பைக் கவிழ்த்து, அதன் ரப்பர் அடிப்பாகத்தில் ரிங்கின் தட்டையான முகத்தைச் சமமாக அழுத்தி, லென்ஸைத் திருப்பினேன். ஒரே சுற்றில் வந்துவிட்டது. விளிம்பைப் பிடிக்காமல் முகம் முழுவதையும் ஒரே சீராகப் பிடிப்பதுதான் சூட்சுமம்.

பின் கண்ணாடி இப்போது உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பழைய பின்மூடி ஒன்றை எடுத்து நடுவில் வட்டமாக அறுத்து, உள்பக்கம் கறுப்பு அடித்து மாட்டியிருக்கிறேன். விரல் படாது, பக்கவாட்டு வெளிச்சமும் விழாது. நிக்கானில் பிஆர்-3 என்று ஒரு வளையம் உண்டு. அதைப் பின்பக்கம் மாட்டினால் 52 மி.மீ. ஃபில்டரே போடலாம்.

16 ஜூன், காலை

எறும்பைச் சற்று நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் அசையாது, எல்லோரும் செய்வதுதானே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். செய்யாதீர்கள். 1665-இல் அச்சான தன் நூலுக்காக ராபர்ட் ஹூக் எறும்பை வரையத் திணறினார். பசையில் ஒட்டிப் பார்த்தார், உடம்பை முறுக்கிக்கொண்டது. கடைசியில் பிராந்தியில் போட்டார். அது மயங்கிக் கிடந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து எழுந்து ஓடியது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் கையால் வரைய வேண்டியிருந்தது, மணிக்கணக்கில் அது அசையாமல் கிடக்க வேண்டியிருந்தது. நமக்கு ஃபிளாஷ் ஒளிரும் கண நேரம் போதும். குளிர்ந்த எறும்பு காலை மடக்கி, உணர்கொம்பைத் தொங்கவிட்டு நிற்பதைப் படத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தால் பனி நனைந்த தும்பியும் ஈயும் தாமாகவே அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

16 ஜூன், இரவு

ஃபிளாஷ். கேமரா மேல் இருப்பதே போதும், ஆனால் நேராக விட்டால் லென்ஸின் நிழல் விழும், எறும்பின் முதுகில் வெள்ளைப் புள்ளி பளீரென்று எரியும். சிப்ஸ் பாக்கெட்டை வெட்டி, வெள்ளிப் பக்கம் உள்ளே இருக்கும்படி ஒரு வாய்க்கால் போல மடித்து, ஃபிளாஷிலிருந்து லென்ஸ் நுனி வரை ஒட்டினேன். நுனியில் டிரேசிங் பேப்பர் இரண்டு அடுக்கு. பூச்சி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அந்தக் காகிதம் அகலமான ஜன்னல் போலத் தெரிய வேண்டும். இவ்வளவு கிட்டத்தில் உள்ளங்கை அகலமே பெரிய ஜன்னல்தான்.

ஷட்டர் 1/200. நிலைநிறுத்துவது ஷட்டர் அல்ல, ஃபிளாஷின் குறுகிய ஒளிர்வு. சக்தியைக் குறைக்கக் குறைக்க ஒளிர்வு இன்னும் குறுகும்.

19 ஜூன்

இதை எழுதத்தான் இத்தனை நாளாகக் காத்திருந்தேன்.

வீட்டு மாமரத்தில் முசுறு கூடு கட்டியிருக்கிறது. இலைகளைப் பட்டு நூலால் தைத்த கூடு. கிட்டே போனால் கடிக்கும், கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும். கூட்டுக்குச் சற்றுத் தள்ளி ஓர் இலையில் ஓர் எறும்பு மட்டும் தனியாக நடந்துகொண்டிருந்தது. அதே செம்பழுப்பு, அதே மெல்லிய இடுப்பு. 28-ஐத் திருப்பி மாட்டி நெருங்கினேன்.

வியூஃபைண்டரில் முதலில் தெரிந்தது தலையின் பக்கவாட்டில் ஒரு கரும்புள்ளி. எறும்பின் கண் இருக்க வேண்டிய இடம்தான். ஆனால் அதில் பளபளப்பு இல்லை, மை தீட்டியது போல் இருந்தது. விரலை மடக்கித் தெளிந்த பட்டையை முன்னே கொண்டுவந்தேன். முகத்தின் முன்னால் இரண்டு பெரிய உருண்டைக் கண்கள், காரின் முன்விளக்குகள் போல, என்னையே பார்த்தன. பக்கத்தில் இன்னும் சிறிய கண்கள். உணர்கொம்பு என்று நினைத்தவை முன்னங்கால்கள். அவற்றைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது. கால்களை எண்ணினேன், எட்டு.

தாவும் சிலந்தி. முசுறு போல உருமாறி அதன் கூட்டுப் பக்கத்திலேயே வாழும் இனம். எறும்புகளைத் தின்ன வரவில்லை, அவற்றிடமிருந்து விலகியே நடக்கிறது. முசுறைக் கண்டு பறவையும் குளவியும் ஒதுங்குகின்றன, அந்தப் பயத்தின் நிழலில் இது பிழைக்கிறது. இலையை லேசாகத் தட்டினேன். நூல் விட்டு இறங்கிவிட்டது. எறும்பு அப்படி இறங்காது.

இந்த மரத்தடியில் எத்தனையோ வருடமாக நாற்காலி போட்டு உட்கார்கிறேன். இத்தனை நாள் அதையும் எறும்பு என்றே நினைத்துத் தட்டிவிட்டிருக்கிறேன்.

20 ஜூன்

நேற்றைய படத்தைப் பார்த்துவிட்டு நான்கு மடங்குக்கு வழி கேட்கிறார்கள். 200 மி.மீ. லென்ஸை நேராக மாட்டி, அதன் முன்னால் 50-ஐத் திருப்பி ஒட்டுங்கள். இரண்டு ஃபில்டர் மரைகளையும் இணைக்கும் வளையம் தனியாகக் கிடைக்கும். 200-ஐ 50-ஆல் வகுத்தால் நான்கு. 50-ஐ முழுக்கத் திறந்து வையுங்கள், அப்பர்ச்சரைப் பின்னால் உள்ள லென்ஸில் மூடுங்கள். வண்ணத்துப்பூச்சிச் சிறகின் செதில்கள் ஓடு வேய்ந்தது போலத் தெரியும். ஆனால் கையில் பிடித்து எடுக்க முடியாது. மேசை வேண்டும், கேமராவை நூலளவு முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளம் வேண்டும், கீழே உதிர்ந்து கிடந்த சிறகு வேண்டும்.

23 ஜூன்

கேள்வி கேட்ட தம்பி முதல் படம் அனுப்பியிருக்கிறார். 18-55, 35-க்குப் பக்கத்தில், எஃப்/8, டிரேசிங் பேப்பர் ஃபிளாஷ். "குழாயடியில் உட்கார்ந்திருந்த கொசு" என்று தலைப்புப் போட்டிருக்கிறார். கண் தெளிவாக விழுந்திருக்கிறது. முதல் படத்திலேயே இது வந்தது பெரிய சந்தோஷம்.

படத்தை இன்னும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள் தம்பி. கொசுவின் ஊசி எங்கே? வாய் குட்டையாக இருக்கிறது. உணர்கொம்பு இரண்டும் இறகு போலக் குஞ்சமாக விரிந்திருக்கின்றன. கொசு உட்காரும்போது பின்னங்கால்களைத் தூக்கும், இது முன்னங்கால்களைத் தூக்கியிருக்கிறது. உங்கள் பூச்சி யாரையும் கடிக்காது. தண்ணீர் தேங்கிய சேற்றில் புழுவாக வளர்ந்து வரும் கொசு போன்ற ஒரு ஈ, அதில் ஆண். நாளை காலை அதே குழாயடியில் இறகு இல்லாத பெண் இருக்கிறதா என்று தேடுங்கள். தெளிந்த பட்டையை இந்த முறை உணர்கொம்பின் மேல் வையுங்கள்.